அந்த விண்ணப்பத்தில் என் பெயர் வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அன்பு குறைந்துவிடவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை எழுதவைப்பது அந்த அன்பு அல்ல. போன வாரம் நீ போனில் சொன்ன செய்திக்கு நான் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை என்று உன் அப்பாவிடம் சொன்னாயாம். அவர் அதை என்னிடம் வந்து சொன்னார், என் முகத்தைப் பார்த்தார், காலண்டர் ஆர்டர் நிற்கிறது என்று சொல்லிவிட்டு அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டார். இத்தனை வருடக் குடித்தனத்தில் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை மட்டும் அவர் நன்றாகக் கற்றிருக்கிறார். இதை உனக்குத் தனியாக அனுப்பினால் விமான நிலையத்தில் பாதி படித்துவிட்டு, அம்மா ஏதோ கோபத்தில் இருக்கிறாள் என்று மூடிவிடுவாய். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் நீ எதையும் கவனமாகப் படிப்பாய்.

நீ சொன்ன செய்தி இது. பட்டாசுக் கம்பெனிகளில் மீந்துபோகிற வெடிமருந்து ஏன் தானாக வெடிக்கிறது என்று ஆராய உனக்கு நிதி கிடைத்துவிட்டது. திட்டத்தின் தலைவர் நீ. ஆலோசகர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறாய். "உங்க பழைய கனவும்மா, நான் நிறைவேத்திட்டேன்" என்றாய். பரிசுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனின் குரல் உனக்கு. அந்தக் குரலைக் கேட்டுத்தான் எனக்குப் பேச்சு நின்றது. அந்தக் கேள்வி எப்படி உன் கைக்கு வந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகக் கேள். கேட்கிற பழக்கம் உனக்கு இப்போது விட்டுப்போய்விட்டது.

நான் விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் என் வகுப்பில் முருகலட்சுமி என்று ஒரு பெண் இருந்தாள். அவள் அம்மாவுக்குச் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. பேன்சி வெடிகளுக்குள் போடுகிற சின்னச் சின்ன உருண்டைகளை மணி மருந்து என்பார்கள், அதை உருட்டிக் காயவைக்கிற வேலை. முதல்நாள் செய்ததில் கொஞ்சம் மீந்திருந்தது. அதை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய்க் கதவைத் திறந்தவள் அவள் அம்மா. அவ்வளவுதான். விசாரணையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். காரியமெல்லாம் முடிந்து வகுப்புக்கு வந்த முருகலட்சுமி, நான் அன்றைய பாடத்தை முடித்து ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டபோது எழுந்து நின்றாள். "எங்கம்மா கவனமில்லாமச் செத்துச்சுன்னு சொல்றாக மேடம். அது கதவைத்தான தெறந்துச்சு? தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெறகு எப்படி மேடம் வெடிக்கும்?" என்றாள். வேதியியலில் மேல்படிப்புப் படித்தவள் நான். ஈரம் பட்டால் அலுமினியப் பொடி சூடாகும் என்று பொதுவாகத் தெரியும். அந்த மருந்தில், அந்த அறையில், அந்த இரவில் என்ன நடந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வகுப்பில் இருந்த பெண்களில் பாதிப் பேரின் வீடுகளிலிருந்து யாராவது அப்படி ஒரு கதவைத் தினமும் திறக்கிறார்கள். அன்றைக்கு எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நான் நிதி கேட்கப் போனேன். எழுதி அனுப்பினேன், நேரில் வரச் சொன்னார்கள். சென்னையில் குளிரூட்டிய அறை, நீள மேசை, அதன் பின்னால் ஐந்து ஆண்கள், நடுவில் முந்திரிப்பருப்புத் தட்டு. எனக்குப் பத்து நிமிடம் என்றார்கள். அதில் பாதி நேரம், உங்கள் கல்லூரியில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, கருவியே இல்லாமல் எப்படி ஆராய்ச்சி செய்வீர்கள் என்று கேட்பதிலேயே போயிற்று. கருவி வாங்கத்தான் நிதி கேட்கிறேன் என்றேன். கருவி இருக்கிறவர்களுக்குத்தான் நிதி கொடுப்பது வழக்கம் என்று ஒருவர் விளக்கினார், சிரிக்காமல். இன்னொருவர் நான் யாரிடம் ஆய்வு செய்தேன் என்று கேட்டு, பெயரைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாமவர் இதில் தேசிய முக்கியத்துவம் என்ன என்றார். தீபாவளி தேசம் முழுவதும் கொண்டாடுகிறார்கள் ஐயா, அந்த வெடியை எங்கள் ஊரில்தான் செய்கிறார்கள் என்று சொன்னேன். அதற்கு அவர், உணர்ச்சிவசப்படக் கூடாது அம்மா என்றார். நான் உணர்ச்சிவசப்படவே இல்லை. புதுமை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு பெண்ணின் தாய் ஏன் செத்தாள் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் அதைத் தெரிந்துகொள்வதில் புதுமை இல்லை. அந்த வாக்கியத்தை எழுதியவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று அப்போது என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. இப்போது முடிகிறது. அவர் உன்னைப் போல இருப்பார். நன்றாக உடுத்துவார், அம்மாவுக்குப் புடவை எடுத்துத் தருவார்.

அந்த ஐவரில் ஒருவர் பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். என் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டு, அடுத்த வருடமே அதே கேள்விக்குப் பெரிய பெரிய சொற்களை மாட்டித் தன் பெயரில் நிதி வாங்கினார். அவர் மாணவர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக நான் இருக்க வேண்டுமாம், கம்பெனிகளுக்குக் கூட்டிப்போய் மாதிரி எடுத்துத் தர வேண்டுமாம். கேள்வி எங்கள் ஊர் வகுப்பறையில் பிறந்ததாயிற்றே, பதிலாவது வரட்டும் என்று சம்மதித்தேன். ஒரு வெயில் காலம் முழுவதும் அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். பிறகு சத்தமே இல்லை. நான் ஒருமுறை மாணவிகளைச் சுற்றுலாவாக அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனபோது அந்த நிதியில் வாங்கிய கருவியைப் பார்த்தேன். பூப்போட்ட துணி உறை தைத்துப் போட்டிருந்தார்கள். உறையை விலக்கினால் கருவியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும், பழைய ஆயுதபூஜையில் வைத்தவை, காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. இயக்கத் தெரிந்த பையன் வேலை கிடைத்துப் போய்விட்டானாம். பேராசிரியர் அதற்குள் வேறு நிதி அறிவிப்பு வந்து வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். மருந்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அதை எங்கள் ஊர் போர்மேனிடம் கேட்டிருந்தால் டீ குடிக்கிற நேரத்துக்குள் சொல்லியிருப்பான். கதவைத் திறந்ததும் மருந்து ஏன் வெடித்தது என்பது அதில் எங்கேயும் இல்லை.

அரசாங்க நிதி இல்லையென்றால் தொழிலதிபர்களிடம் போகலாமே என்று போன வருடம் எங்கள் கல்லூரி மேடையில் சொன்னாய். நான் அந்தக் காலத்திலேயே போனேன். ஒரு முதலாளி மரியாதையாக உட்காரவைத்து, பால் காய்ச்சிக் காபி போடச் சொல்லி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "தாராளமாப் பண்ணுங்க டீச்சர். எம்புட்டு ஆனாலும் நான் தாரேன். கடைசியில ஆளுக சரியா வேலை பாக்காததாலதான்னு ஒரு வரி வந்துரணும், அம்புட்டுத்தான்" என்றார். எவ்வளவு நேர்மையான மனிதர் என்று இப்போது தோன்றுகிறது. முடிவை முதலிலேயே கேட்டார். அந்தச் சென்னைக்காரர்கள் முடிவையும் கேட்கவில்லை, கேள்வியையும் கேட்கவில்லை. நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். உனக்கென்று ஒரு மத்தாப்புப் பெட்டி கொடுத்தனுப்பப் பார்த்தார், வாங்கவில்லை. நீ அன்றைக்கு முழுக்க அழுதாய். இப்போது யோசித்தால், யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்பது உன் பக்கத்து நியாயமாக அப்போதே இருந்திருக்கிறது.

பிறகு நானே ஒரு பழைய பிளாஸ்க்கும் வெப்பமானியும் வைத்துக்கொண்டு, சிட்டிகை அளவு மருந்தில், கல்லூரி ஆய்வகத்தில் பார்த்தேன். சில நாள் வெப்பம் ஏறியது போல இருந்தது, சில நாள் இல்லை. வெறுங்கையால் மணலில் கோடு போடுகிற கதை. இப்படிப்பட்ட பொருளைக் கல்லூரிக்குள் வைக்க அனுமதி கிடையாது என்று முதல்வர் நிறுத்தச் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான், நிறுத்திவிட்டேன். முருகலட்சுமி படிப்பை முடித்துப் போகும்போது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் போனது கேட்டதைவிடக் கனமாக இருந்தது. அப்புறம் நான் ஓய்வும் பெற்றுவிட்டேன். இது வரைக்கும் உனக்குத் தெரிந்த கதை. சாப்பாட்டு மேசையில் நான் பலமுறை சொல்லிச் சலிப்பூட்டிய கதை. அதையே நீ ஒருநாள் விண்ணப்பமாக மாற்றுவாய் என்று தெரிந்திருந்தால் வாயில் சோற்றை மட்டும் போட்டிருப்பேன்.

இப்போது உன் பேச்சுக்கு வருகிறேன். போன வருடக் கடைசியில் என் பழைய கல்லூரிக்கே நீ சிறப்பு விருந்தினராக வந்தாய். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கான நிதி வாய்ப்புகள் என்று மேடைக்குப் பின்னால் தட்டி கட்டியிருந்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், தாய் வந்திருக்கிறாள் என்று அறிவித்து எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்திவிடுவார்களே என்ற பயத்தில். நீ நன்றாகப் பேசினாய், குரல் நன்றாக இருந்தது. என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? முதலில் கேள்வியைத் தேடாதீர்கள், அறிவிப்பைத் தேடுங்கள், அறிவிப்பில் என்ன சொல் இருக்கிறதோ அந்தச் சொல்லுக்கு ஏற்ற கேள்வியைத் தயார் செய்யுங்கள் என்றாய். போன வருடம் நானோ தொழில்நுட்பம், இந்த வருடம் செயற்கை நுண்ணறிவு, அடுத்த வருடத்துக்கு இப்போதே பசுமை என்று ஒரு சொல்லை வாங்கிப் போட்டு வையுங்கள் என்றாய். வெளிநாட்டுக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் ஒன்றும் செய்ய வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்றாய். உனக்கு எதிரே உட்கார்ந்திருந்த சின்ன வயது ஆசிரியைகள் இதையெல்லாம் வேதம் போல எழுதிக்கொண்டார்கள். ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்கு எப்படி வரிசையில் நிற்பது என்று ஒருவன் சொல்லிக்கொடுத்தால்கூட அதில் கொஞ்சம் கண்ணியம் இருந்திருக்கும். அங்கே கடைசியில் உடுத்த ஒரு துணியாவது கையில் இருக்கும்.

பேச்சு முடிந்ததும் ஒரு பெண் எழுந்தாள். பாண்டிச்செல்வி. ஆமத்தூர்க்காரி, கல்லூரியில் தொகுப்பூதியத்தில் வேதியியல் எடுக்கிறாள், அப்பா அம்மா இரண்டு பேரும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மீந்துபோன மணி மருந்து எந்த ஈரப்பதத்தில், எவ்வளவு நேரத்தில் தானாகச் சூடாகிறது என்று பார்க்க வேண்டும், அதற்கு எந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்று கேட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதே கேள்வி இன்னொரு வாயிலிருந்து வருகிறது, இத்தனை காலம் கழித்து. நீ என்ன செய்தாய்? சிரித்தாய். இது ரொம்ப லோக்கல், இதை வைத்துக்கொண்டு டெல்லிக்குப் போனால் ரயில் செலவுதான் மிச்சம் என்றாய். அரங்கமே சிரித்தது. அந்தப் பெண் உட்காரவில்லை. அப்போது உன் மூளையில் ஏதோ மணி அடித்திருக்க வேண்டும். சரி, எனக்கு அனுப்பி வையுங்கள், எங்கள் பல்கலைக்கழகம் மூலமாக, பெரிதாக மாற்றிப் போடலாம் என்றாய். பெரியவர் ஒருவர் முந்திரியை மென்றபடி என் விண்ணப்பத்தைப் பார்த்த அதே பார்வை. அதை என் வயிற்றில் பிறந்த முகத்தில் பார்த்தேன்.

நீ முதல்வர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைப் பக்கம் நின்றாள். நான் யாரென்று சொல்லாமல், அந்த சார் சொன்னபடி அனுப்பப் போகிறாயா என்று கேட்டேன்.

"அனுப்புனா பணம் வரும் மேடம், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அது என் கேள்வியா இருக்காது" என்றாள். பிறகு, "அவுக பெரிய ஆளு. ஆனா நான் கேட்டது அவுக காதுல விழல" என்றாள்.

"அவன் என் மகன்" என்றேன்.

அவள் பதறவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "அப்படின்னா நீங்களாச்சும் வீட்டுல சொல்லுங்க மேடம்" என்றாள்.

அன்று மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். அவள் சொன்னதைச் சொன்னேன். நீ கோபப்படவில்லை, அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம். பொறுமையாக விளக்கினாய். "அம்மா, என்கிட்ட ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்களுக்கு மாசாமாசம் உதவித்தொகை போகணும். எனக்குப் பிடிச்ச கேள்வியை மட்டும் கேட்டுக்கிட்டிருந்தா அதுங்க என்ன சாப்பிடும்? நீங்க அப்ப ஏன் தோத்தீங்க தெரியுமா? கேள்வி நல்ல கேள்விதான். உங்களுக்கு எழுதத் தெரியல" என்றாய். உன் அப்பா அப்பளத்தை உடைத்துக்கொண்டு, "அவன் பொழைக்கத் தெரிஞ்சவன், விடு" என்றார். நீ சொன்னதில் முதல் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் அவர்களைக் காட்டிக் காட்டியே நீ எதையும் நியாயப்படுத்துகிறாய். அந்தப் பிள்ளைகளில் ஒருவராவது தான் எதை ஆராய்கிறோம், ஏன் ஆராய்கிறோம் என்று சொல்லக்கூடியவராக இருந்தால் உன் வாதத்துக்கு ஒரு மரியாதை இருக்கும். உன் பிறந்தநாளுக்கு வந்திருந்த அவர்களில் ஒரு பையனிடம் கேட்டேன். அறிவிப்பில் இருந்தது மேடம் என்றான்.

அதற்கப்புறம் நடந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. பாண்டிச்செல்விதான் சொன்னாள். அவள் எதையும் அனுப்பவில்லை. நீயே ஒரு விண்ணப்பம் தயாரித்து, அவளை இணை ஆய்வாளர் என்று போட்டு, கையெழுத்துக்காகக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறாய். அதில் அவள் கேட்ட கேள்வி இருந்ததாம், ஆனால் மருந்தைத் தொடுகிற வேலையே இல்லையாம். மணி மருந்தைக் கூரியரில் போட முடியாது என்று யாரோ உனக்கு நினைவூட்டியிருப்பார்கள். அதனால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடுவது என்று முடிவு. சிவகாசி வெயிலும் ஆனைக்குட்டம் அணைப் பக்கத்து ஈரக்காற்றும் உன் சென்னை அறைக்குள் எண்களாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். முதல்வர் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். நான் முதல்வருக்குப் போன் செய்து, அந்தப் பெண்ணை வற்புறுத்த வேண்டாம் என்றேன். "என்ன மேடம் இப்படிச் சொல்றீக, உங்க மகன் செய்யிறது. நீங்கதான் சந்தோஷப்படணும்" என்றார். அவள் பெயரை விட்டுவிட்டு நீ விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாய், அடுத்த கல்வியாண்டுக்குக் கல்லூரி அவளைக் கூப்பிடவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை. பணியிடம் இல்லை என்றார்கள், அந்த இடத்தில் இன்னொரு பெண் வந்து பாடம் எடுக்கிறாள். இது நீ செய்ததில்லை என்று நீ சொல்வாய். ஆமாம், நீ செய்யவில்லை. உனக்கு இது நடந்ததே தெரியாது. அதைத்தான் சொல்கிறேன்.

வேலை போன பாண்டிச்செல்வி ஆனைக்குட்டம் பக்கம் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியில் கெமிஸ்ட்டாகச் சேர்ந்தாள். மருந்தின் தரம் பார்க்கிற வேலை. முதலாளி படபடப்பான ஆள், நாலு பேருக்கு நடுவில் நல்ல பேச்சு வராது. அவளுடைய யோசனையைச் சொன்னதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டாராம். "ஆராய்ச்சி கீராய்ச்சியெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. மிச்ச மருந்தை ராத்திரி வைக்கலாமா, வைக்கக் கூடாதா? அத மட்டும் பாத்துச் சொல்லு" என்றாராம். இத்தனை வருடங்களில் நான் கேள்விப்பட்ட ஒரே நல்ல நிதி அறிவிப்பு அது. நோக்கம் இருக்கிறது, எல்லை இருக்கிறது, எதற்கு என்பதும் இருக்கிறது. தேசிய முக்கியத்துவம் மட்டும் இல்லை. கேட்டதை அவர் அன்றே வாங்கிக் கொடுத்தார், வயர் வழியாகத் தூரத்திலிருந்தே வெப்பம் பார்க்கிற சின்னக் கருவி. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலையில் மண் மேடை கட்டி, மிகக் கொஞ்சமாக மருந்து வைத்து, காய்ந்த நாளிலும் மழை இறங்கிய நாளிலும் அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். சீசன் நெருங்கி ஆர்டர் குவிந்தபோது, முடிவு தெரிகிற வரை மருந்தை மீதி வைக்கக் கூடாது என்று மதியத்தோடு கலப்பதை நிறுத்தச் சொன்னாள். லோடு குறைகிறது என்று முதலாளி கத்தினார். கத்திவிட்டு நிறுத்தினார்.

ஒரு மழை வாரத்தில் எனக்குப் போன் செய்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "மேடம், சூடாகுது. யாரும் தொடல. தானாச் சூடாகுது" என்றாள். பக்கத்தில் முதலாளி பேசுகிற சத்தம் கேட்டது. எப்போது வைத்தாய், எப்போது ஏற ஆரம்பித்தது, திரும்பச் செய்து பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்திருந்தாள், ஒன்றுக்கு மேற்பட்ட முறை. நான் சமையலறை மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை உன் அப்பா வந்து அணைத்தார்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒரு காரியத்தை உனக்குச் சொல்ல வேண்டும். முருகலட்சுமி இப்போது ஆலங்குளத்தில் குடியிருக்கிறாள், பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். பழைய மாணவிகளிடம் விசாரித்து எண்ணை வாங்கிப் பேசினேன். என்னை ஞாபகம் வைத்திருந்தாள். அன்று வகுப்பில் நீ கேட்டாயே, அதற்குப் பதில் கிடைத்திருக்கிறது என்றேன். மீந்த மருந்து ஈரக்காற்றில் தானாகச் சூடாகிறது, பூட்டின அறைக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும், காலையில் கதவைத் திறக்கிறவருக்கு அது தெரிய வழியே இல்லை என்று, அவள் இன்னும் என் மாணவி என்பதுபோல, மெதுவாகச் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. பிறகு, "அப்ப எங்கம்மா மேல தப்பு இல்ல" என்றாள். இல்லை என்றேன். "சரி மேடம்" என்றாள். போனை வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. நானும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

உன் விண்ணப்பத்தில் பயன்கள் என்று ஒரு தலைப்பு இருக்கும். அதில் நிறைய எழுதியிருப்பாய். கட்டுரைகள், கருத்தரங்குகள், பயிற்சி பெறும் மாணவர்கள், வெளிநாட்டுக் கூட்டுறவு. முருகலட்சுமி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை எந்தக் கட்டத்தில் நிரப்புவாய்? அதற்குக் கட்டம் கிடையாது. அதனால்தான் அந்த விண்ணப்பங்களை அப்படி அச்சடித்திருக்கிறார்கள் என்று எனக்குச் சில நேரம் தோன்றும். நீ என்னைவிட நன்றாக எழுதுகிறாய், அதை மறுக்கவில்லை. எனக்கு எழுதத் தெரியவில்லை என்றாய். சரி. எழுதத் தெரியாத நானும், எழுத மாட்டேன் என்று சொன்ன ஒரு பெண்ணும், ஆராய்ச்சி என்றாலே எரிந்து விழுகிற ஒரு முதலாளியும் சேர்ந்து பதிலைக் கண்டுபிடித்தாயிற்று. உனக்கு இப்போது மூன்று வருட நிதி கிடைத்திருப்பது ஏற்கெனவே தெரிந்துபோன ஒன்றைத் தெரியாதது போலக் காட்டுவதற்கு. அதையும் நீ நன்றாகவே செய்வாய் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்த மாதம் நீ டெல்லியில் நிதி கொடுக்கிற குழுவிலேயே உறுப்பினராக உட்காரப் போகிறாய் என்றும் போனில் சொன்னாய். வாழ்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன், தாய் என்ற முறையில் இல்லை, அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவள் என்ற முறையில். எங்கோ ஒரு சின்ன ஊர்க் கல்லூரியிலிருந்து ஒருத்தி வருவாள். முதல் தடவை விமானத்தில் வந்ததால் காது அடைத்திருக்கும். அவளிடம் கருவி இருக்கிறதா, புதுமை இருக்கிறதா என்று கேட்காதே. இதை ஏன் தெரிந்துகொள்ள விரும்புகிறாய் என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அவள் சொல்வது உன் காதில் விழவில்லை என்றால், விழவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு. புதுமை இல்லை என்று எழுதாதே.

பாண்டிச்செல்வியிடம் மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லப் போவதில்லை. நீ கேட்டாலும் அது நன்றாக எழுதப்பட்ட மன்னிப்பாக இருக்கும், அவளுக்கு அதைப் படிக்க நேரம் இருக்காது. சீசன் முடிகிற வரை அவள் போன்கூட எடுப்பதில்லை. நான் கேட்பது இவ்வளவுதான். அந்தத் திட்டத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு. எடுக்க முடியாது, ஒப்புதல் ஆகிவிட்டது என்று விதி ஏதாவது சொல்வாய். அப்படியானால் அந்த ஆலோசகர் தன் ஆலோசனையைச் சொல்லிவிட்டார் என்று மேலிடத்துக்கு எழுது. ஆலோசனை இதுதான்: கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஆனைக்குட்டத்துக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம், நிதியைத் திருப்பிக் கொடுத்துவிடவும்.

வீட்டுக்கு வராதே என்று சொல்ல மாட்டேன். பொங்கலுக்கு வா, பிள்ளைகளைக் கூட்டி வா, அப்பாவோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார், எனக்குப் புடவை எடுத்து வந்தால் கட்டிக்கொள்கிறேன். உலகத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் என்னிடம் பேசு. ஆராய்ச்சியைப் பற்றி மட்டும் பேசாதே.